மளிகைப் பட்டியலும் நாளைய சமையலும்

ஒரு வீட்டில் மாதந்தோறும் வாங்கும் மளிகையின் அளவைப் பார்த்தாலே அந்த வீட்டுச் சாப்பாடு எப்படிப்பட்டது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அரிசி எத்தனை கிலோ, பருப்பும் பயறும் எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை லிட்டர், ஒரு கிலோ உப்புப் பொட்டலம் எத்தனை நாளைக்கு வருகிறது என்ற நான்கு விவரம் கிடைத்தால் போதும், எந்தப் பக்கம் கவனம் வேண்டும் என்று சொல்லிவிடலாம். உடல்நலத்துக்கான சமையல் என்றதும் கஷாயம், சூப், சத்துமாவு, சிறுதானியப் பலகாரம் என்றுதான் பேச்சு போகிறது. வாரம் ஒருமுறை செய்யும் பண்டத்தால் பெரிய மாற்றம் வருவதில்லை. தினமும் வேகும் சோறு, தினமும் கொதிக்கும் குழம்பு, கூட வைக்கும் பொரியல், இரண்டு வேளைக் காபி ஆகியவையே பத்து, இருபது வருடங்களில் உடம்பைத் தேற்றுவதும் கெடுப்பதும். அவற்றை அளவறிந்து வாங்குவதும், முதல்நாளே யோசித்து வைப்பதும், சத்து வீணாகாமல் சமைப்பதும் எந்த வீட்டிலும் செய்யக்கூடிய காரியங்கள்.

அளவிலிருந்து தொடங்குவது நல்லது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதலைத் திருத்தி 2024 மே மாதம் வெளியிட்டது. நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் கணக்கு, சமைப்பதற்கு முந்தைய எடையில், இப்படி இருக்கிறது: தானியம் 250 கிராம், பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி.; கடலை, எள், முந்திரி போன்ற கொட்டைகளும் விதைகளும் 35 கிராம்; எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். படிக்கும்போது இது ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி தோன்றும். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஒரு மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் விஷயம் சட்டென்று விளங்கும். அரிசி, கோதுமை, ரவை, ராகி எல்லாம் சேர்ந்து 30 கிலோ. பருப்பும் பயறும் 10 கிலோவுக்குச் சற்று மேல். முட்டையோ மீனோ வாங்கும் வீட்டில் அதற்கேற்பக் குறையும். எண்ணெய் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். காய்கறி 48 கிலோ, அதாவது தினமும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல்.

எண்ணெய்க் கணக்கைப் பல வீடுகள் தாண்டிவிடுகின்றன. பருப்புக் கணக்கைத் தொடும் வீடு குறைவு. காய்கறிக் கணக்கைக் கேட்டால் திகைப்புதான் வரும். தமிழ்நாட்டில் ரேஷன் கடை பட்டினியை விரட்டியது பெரிய சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஆனால் நான்கு பேர் உள்ள அட்டைக்கு 20 கிலோ அளவில் அரிசி விலையில்லாமல் வருகிறது, மானிய விலையில் துவரம்பருப்பு ஒரு கிலோ வருகிறது. கடையிலிருந்து வந்ததை வைத்தே மாதத்தை ஓட்டும் குடும்பத்தில் இருபது பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்றாகிவிடுகிறது. வழிகாட்டுதல் சொல்வதோ மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு. இந்த இடைவெளியை நிரப்பும் செலவைத்தான் வீட்டு வரவுசெலவில் முதலில் ஒதுக்க வேண்டும். மாதக் கடைசியில் பிஸ்கட், மிக்சர், குளிர்பானம் என்று போன தொகையைக் கூட்டிப் பார்த்தால், இரண்டு கிலோ பயறுக்கான பணம் அதிலேயே கிடைத்துவிடும் வீடுகள் நிறைய உண்டு.

விகிதம் இப்படிச் சாய்ந்ததன் விளைவு ஆய்வுகளில் தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை தலைமையேற்று நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, 15.3 சதவீதம் பேர் அதன் வாசலில், 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று அது கணக்கிட்டது. அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025இல் வந்தது. இந்தியர் உண்ணும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருகிறது என்றும், அதில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால், முட்டை, மீன் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் நீரிழிவுக்கான வாய்ப்பு குறைகிறது என்றும் அது காட்டியது. அரிசியை வெறுக்க வேண்டிய அவசியம் எங்கும் இல்லை. அது தட்டில் பிடித்திருக்கும் இடத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரிசிக்கும் உடல்நலத்துக்குமான உறவை இந்தியாவில் முறையாக ஆராயத் தொடங்கிய இடம் நீலகிரியின் குன்னூர். அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் 1918இல் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். கால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து ஆளைச் சாய்க்கும் நோய் அது. அதற்கு முன்பே, 1890களில், டச்சுக்காரர் ஆளுகையிலிருந்த ஜாவாவில் மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்கு அதே மாதிரி நோய் வருவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்தால் தேறுவதையும் கண்டிருந்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காரணம் தவிட்டில் இருக்கும் தையமின் என்ற பி1 வைட்டமின். சென்னை மாகாணத்தில் பெரிபெரி ஒரே சீராகப் பரவவில்லை. இன்றைய ஆந்திரக் கடலோரமான வடசர்க்கார் மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட மக்களிடம் அது அதிகம் தென்பட்டது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் நீரோடு சேர்ந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. நெல் அவித்த பெண்களுக்கு வைட்டமின் என்ற பெயர் தெரியாது; அவர்கள் அவித்த அரிசி ஊரை ஒரு நோயிலிருந்து காத்தது.

குன்னூரின் அந்த ஆய்வுக்கூடமே பின்னர் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் போய், 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இன்றைய பேச்சுக்கு மிகவும் வேண்டிய ஒரு வேலையும் குன்னூரில்தான் நடந்தது. 1935இல் அந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்ற வாலஸ் அய்க்ராய்ட், இந்திய உணவுப்பொருள்களின் சத்து மதிப்பையும் நிறைவான உணவைத் திட்டமிடும் முறையையும் ஒரே சிறு நூலாக 1937இல் வெளியிட்டார். முருங்கைக்கீரையில், கேழ்வரகில், மத்தி மீனில் என்ன இருக்கிறது என்ற அட்டவணையும், அதை வைத்து ஏழைக் குடும்பத்துக்கு எப்படிச் சாப்பாடு போடலாம் என்ற கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சத்துக் கணக்கு ஒரு பக்கமும் சமையல் குறிப்பு மறுபக்கமுமாகப் பிரிந்துவிட்ட இன்றைய நிலையில், அந்தச் சேர்க்கைதான் மீண்டும் தேவைப்படுகிறது.

இனி அடுப்படிக்கு வரலாம். 200 மி.லி. டம்ளரில் தலைதட்டி எடுத்த அரிசி ஏறக்குறைய 170 கிராம். நால்வருக்கு மதியம் இரண்டு டம்ளர் போட்டால் ஆளுக்கு 85 கிராம். நாள் முழுவதற்கும் உள்ள 250 கிராமில் மீதியைக் காலை, இரவுப் பலகாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று டம்ளர் போடும் வீடு அதை ஒரே நாளில் இரண்டாக்கினால் பசி எடுக்கும், சண்டை வரும், மறுநாள் பழைய அளவுக்கே திரும்பிவிடும். முதலில் பொரியலையும் கூட்டையும் இரண்டு மடங்காக்க வேண்டும். சோறு தானாகவே மிஞ்சும். மிஞ்சுவதைப் பார்த்து அரிசியைக் குறைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எந்தத் திட்டமும் ஒரு வாரம் தாண்டாது.

அரிசியை நாலைந்து தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் பி வகை வைட்டமின்களில் கணிசமான பங்கு வடிகாலுக்குப் போகும். மேலாக இரண்டு முறை அலசினால் போதும். வடித்த கஞ்சியிலும் அவை இறங்குகின்றன. அதனால் கஞ்சியைக் கொட்டாமல் குடிப்பதோ, ரசத்துக்கும் கூட்டுக்கும் ஊற்றுவதோ பழைய வழக்கமாக இருந்தது. வடித்த சோறு சர்க்கரையை ஏற்றாது, குக்கர் சோறு ஏற்றும் என்ற நம்பிக்கை இன்று பரவலாக இருக்கிறது. கஞ்சியோடு போகும் மாவுச்சத்து சோற்றில் இருப்பதோடு ஒப்பிட்டால் கொஞ்சமே. வடித்த சோறுதானே என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் கிடைத்த சிறு லாபமும் போய்விடும். கைக்குத்தல் அரிசியில் தவிடு இருப்பதால் நார்ச்சத்தும் வைட்டமினும் கூடுதல். ஆனால் தவிட்டு எண்ணெயால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டு விழும். மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் வாரத்துக்கு வாங்க வேண்டிய பொருள் அது.

சிறுதானியங்களுக்கு இப்போது நல்ல காலம். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐ அவற்றுக்கான ஆண்டாக அறிவித்தது. கேழ்வரகு 100 கிராமில் 350 மி.கிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அதே எடை அரிசியில் பத்து மி.கிராம் இருந்தால் அதிகம். கம்பில் இரும்புச்சத்து உண்டு. சாமையும் தினையும் வரகும் நார்ச்சத்துக்காகத் தட்டில் இருக்க வேண்டியவை. எனினும் இவையும் தானியங்களே, மாவுச்சத்தே பெரும்பகுதி. சாமைச் சோறு என்பதற்காகத் தட்டை நிறைத்துக்கொண்டால் ரத்தச் சர்க்கரை விலக்கு அளிக்காது. ராகிக்களியோடு கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ சேர்த்துச் சாப்பிட்ட பழைய ஏற்பாட்டில், களி மட்டும் சத்தானதாக இருக்கவில்லை, கூட இருந்ததும் சேர்ந்தே சத்தைத் தந்தது.

பருப்பில் நடக்கும் ஏமாற்றம் நுட்பமானது. தினமும் சாம்பார் வைக்கும் வீட்டில் பருப்புக்குக் குறையில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நால்வருக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு வேகிறது. அது 85 கிராம். அதில் உள்ள புரதம் 19 கிராம் அளவு. ஆளுக்கு ஐந்து கிராமுக்குக் கிட்டே. அதே சாம்பார் இரவு தோசைக்கும் வந்தால் வேளைக்கு அதிலும் பாதிதான். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் புரதம் தேவை என்பது 2020இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்த அளவு. சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல் செய்தால் பத்து கிராம் வருகிறது. தயிரும் பாலுமாக 300 மி.லி. இன்னொரு ஒன்பது, பத்து. ஒரு முட்டை ஆறு கிராமுக்கு மேல். தானியத்திலிருந்தும் இருபது கிராம் அளவுக்குக் கிடைக்கும். இவையெல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நேராகிறது; சாம்பார் தனியாக நேராக்காது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்புப் புரதத்தில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் ஒருசேரச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. பொங்கல், இட்லி, அடை, பருப்புச் சாதம் எல்லாவற்றிலும் இந்தச் சேர்க்கை இருக்கிறது. குறைவது பருப்பின் பங்குதான். இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்பது மென்மைக்காக வந்த விகிதம். அடைக்கு அரிசியும் பருப்பும் சமபங்கு போடலாம், பருப்பு கூடினாலும் ருசி கெடாது. ஆகவே இரவுப் பலகாரத்தில் வாரம் இரண்டு நாள் தோசையின் இடத்தை அடையும் பச்சைப்பயறு தோசையும் பிடித்துக்கொண்டால் அந்த வாரத்தின் புரதக் கணக்கு நன்றாக மாறும்.

பருப்பு வேகும் முன் புளியை ஊற்றினால் அது வேகாமல் நின்றுவிடும் என்பது சமைப்பவர் எல்லாருக்கும் தெரியும். புளிப்பு, பருப்பின் செல்சுவரை இறுக்கிவிடுவதே காரணம். சோடா உப்புப் போட்டால் சீக்கிரம் வேகும். ஆனால் தையமின் அழியும். முன்கூட்டி ஊறவைப்பதே சரியான வழி. ஊறும்போதும் முளைக்கும்போதும் மாவு புளிக்கும்போதும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைகிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்துவைப்பது அதுதான். இரவு எட்டு மணி நேரம் ஊறிய கறுப்புக் கொண்டைக்கடலை வயிற்றைத் தொந்தரவு செய்யாததற்கும், அதன் இரும்பு கொஞ்சம் கூடுதலாக உடலில் சேர்வதற்கும் காரணம் அந்த ஊறவைத்தல்தான்.

இரும்புச்சத்து பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மி.கிராம் இரும்பு போதும் என்றால், மாதவிடாய் வரும் வயதிலுள்ள பெண்ணுக்கு 29 மி.கிராம் வேண்டும். கீரை, பயறு, எள், கம்பு ஆகியவற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேராத வகை. அதோடு வைட்டமின் சி இருந்தால் சேரும் அளவு கூடுகிறது. முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கிவைத்த பிறகு எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு ஒரு துண்டு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ப்பது, சுண்டலில் மாங்காய் துருவிப் போடுவது எல்லாம் இந்தக் காரணத்தால் பயன் உள்ளவை. எதிர்ப்பக்கம் காபியும் தேநீரும். சாப்பிட்ட கையோடு குடித்தால் அவற்றின் டானின் இரும்பைத் தடுத்துவிடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட வேண்டும். காலை இட்லியோடு காபி என்ற வழக்கத்தை நகர்த்துவது கடினம்தான். மதியச் சாப்பாட்டில் கீரையையும் எலுமிச்சையையும் வைத்துக்கொண்டு, காபியை நாலு மணிக்குத் தள்ளினால் குறைந்தது ஒரு வேளையாவது தேறும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்குகிறது. ஆறும்வரை அதிலேயே விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் நிறமும் ருசியும் கெடாது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவருக்கு மாத்திரையும் மருத்துவரும் வேண்டும்; கீரையை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

கீரையை முதலில் முழுதாகக் கழுவி, பிறகு நறுக்க வேண்டும். நறுக்கிய பின் தண்ணீரில் அலசினால் வைட்டமின் சியும் பி வகையும் கரைந்து போகின்றன. மண் நிறைய உள்ள அரைக்கீரைக்கு மூன்று தண்ணீர் தேவைப்படும்; அதையும் நறுக்குவதற்கு முன்பே செய்துவிடலாம். ஒட்டிய ஈரத்திலேயே வேகவிட்டு, கடைசியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டினால் போதும். கீரையின் கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும் என்பதால் அந்தத் தாளிப்பு தேவையானதே. வாழைப்பூ, வாழைத்தண்டு, சுண்டைக்காய் போன்றவை வீடுகளிலிருந்து விலகிப்போனதற்குக் காரணம் ருசி மாறியது அல்ல, ஆய்வதற்கு ஆள் இல்லாதது. ஒரு வாழைப்பூவில் ஒவ்வொரு மடலாகப் பிரித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் கள்ளன் என்கிற நரம்பையும் கண்ணாடி போன்ற செதிலையும் நீக்கி, கறுக்காமலிருக்க மோர் கலந்த நீரில் போட வேண்டும். விரலில் எண்ணெய் தடவாவிட்டால் கறை இரண்டு நாளைக்குப் போகாது. அரைமணி நேர வேலை. இரவு தொலைக்காட்சி பார்த்தபடி இருவர் உட்கார்ந்தால் கால்மணி நேரத்தில் முடியும்.

உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. நால்வருக்கு 20 கிராம். ஒரு கிலோ பொட்டலம் குறைந்தது 50 நாளைக்கு வர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்ந்தால் அளவு தாண்டிவிட்டது என்று பொருள். அதற்குமேல் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர் எல்லாம் தனி. பொட்டலத்தைப் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே எழுதிவைப்பதைவிட எளிய அளவுகோல் கிடையாது. உப்பைக் குறைக்கும்போது மிளகு, சீரகம், எலுமிச்சை, கொத்தமல்லி ஆகியவற்றைச் சற்றுக் கூட்டினால் நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். சாதத்தில் உப்புப் போட்டு வடிப்பது, தயிர்சாதத்துக்கு மேல் மறுபடி உப்பு, கூடவே ஊறுகாய் என்ற மூன்றடுக்கில் ஒன்றையாவது நிறுத்தலாம். எண்ணெய்க்கும் இதே முறைதான்: மாத எண்ணெயை மூன்றரை லிட்டர் என்று முதல் தேதியே தனியாக எடுத்து வைத்துவிட்டால், பலகாரம் பொரித்த வாரத்தில் தாளிப்பு சுருங்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று மாற்றி மாற்றி வாங்குவது நல்லது. பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி சூடேற்றினால் கேடான பொருள்கள் சேர்கின்றன. நுரைத்தாலும் கறுத்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான்.

திட்டமிடல் என்பதன் பெரும்பகுதி இரவு பத்து நிமிட வேலை. நாளை எதை ஊறவைக்க வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு விடை இருந்தால் நாளைய சாப்பாட்டின் பாதி முடிவாகிவிட்டது. ஊறவைத்த பயறு பாத்திரத்தில் இருக்கும்போது மறுநாள் மாலை யாரும் பஜ்ஜிக் கடைக்கு ஆள் அனுப்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு ஃபிரிட்ஜில் மூன்று நாலு நாள் தாங்கும். அந்த மாவையே நம்பிக் காலை இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று ஓட்டினால் மூன்று வேளையும் அரிசியே. மாவு இருக்கும் நாள்களில் ஒரு வேளைக்கு மேல் அதை எடுப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். காய்கறிக்கு வாரச்சந்தைக் கணக்கு போதும்: வாங்கிய முதல் இரண்டு நாள் கீரையும் வெண்டையும்; அடுத்து கத்தரி, அவரை, பீன்ஸ்; கடைசி நாள்களுக்கு முட்டைக்கோஸ், கேரட், பூசணி, சேனை. அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பதையே வாங்க வேண்டும். தக்காளி விலை ஏறிய வாரத்தில் புளியும் மாங்காயும் இருக்கின்றன. கடலோர ஊர்களில் மத்தியும் நெத்திலியும் விலை குறைந்த மீன்கள். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேர்கிறது.

எழுதிவைத்த வாரப் பட்டியல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தமிழ்நாட்டின் பள்ளிகளே சான்று. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்கு நாள்வாரியாக உணவுப்பட்டியல் உண்டு. முட்டையும் பயறும் அதில் இடம்பெற்றுவிட்டன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாக, காய்கறி சேர்ந்த சாம்பாரோடு வருகிறது. இன்று என்ன சமைப்பது என்று அங்கே சமைப்பவர்கள் காலையில் யோசித்து நிற்பதில்லை. யோசனை முன்பே முடிந்துவிட்டது. வீட்டுக்கு இவ்வளவு இறுக்கம் தேவையில்லை. செவ்வாயும் வெள்ளியும் கீரை, புதன் மீன் அல்லது முட்டை, வியாழன் கொண்டைக்கடலை என்ற அளவுக்குச் சமையலறைக் காலண்டரில் குறித்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

ஒரே வீட்டில் நீரிழிவுள்ள தாத்தாவும், வளரும் பெண்ணும், கைக்குழந்தையும் இருப்பது வழக்கம். ஒவ்வொருவருக்கும் தனிச் சமையல் என்றால் எந்தக் குடும்பத்தாலும் முடியாது. சமையல் ஒன்றாக இருக்கட்டும், பரிமாறுவது மாறட்டும். தாத்தாவின் தட்டில் கூட்டும் பொரியலும் முதலில் வர வேண்டும், சோறு பிறகு, அளந்து. காய்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு அதே பருப்பையும் சோற்றையும் உப்புப் போடுமுன் எடுத்து நெய் விட்டு மசித்துக் கொடுக்கலாம். பல் போன முதியவர்கள் மெல்ல முடியாமல் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொள்வதால் புரதம் குறைந்து தசை கரைகிறது. அவர்களுக்குக் குழைய வெந்த பாசிப்பருப்பு, முட்டை, தயிர். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் அப்படியே பொருந்தாது. பருப்பு, கீரை, பழம், இளநீர் எல்லாவற்றிலும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால் அவர்கள் அதை வாங்கவே கூடாது.

மீந்ததைக் காப்பதும் திட்டத்தில் சேர்ந்ததே. வெந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் உயிரோடு இருக்கும். வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன; அதில் ஒருவகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பழைய சோறு வேறு வகை: சுத்தமான நீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமிலக் கிருமிகள் வளர்ந்து புளிப்பேற்றுவதால் மற்றக் கிருமிகள் அடங்குகின்றன. அதற்கும் நல்ல தண்ணீர், கழுவிய பாத்திரம், ஓரிரவு என்ற எல்லை உண்டு. காலையில் அதோடு சின்னவெங்காயமும் மோரும் சேர்ந்தால் உழைக்கப் போகிறவருக்கு நல்ல உணவு. இரண்டு நாள் வைத்த சோற்றுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இந்த வேலைகள் எல்லாம் யார் தலையில் விழுகின்றன என்பதைப் பேசாமல் சமையல் திட்டம் பேசுவது அரைகுறைப் பேச்சு. 2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். கீரை ஆய்வதும் வாழைப்பூ ஆய்வதும் பயறு ஊறவைப்பதும் கூடுதலாகச் சேரும்போது அந்த 299 நிமிடம் இன்னும் நீளும் என்றால் திட்டம் நிலைக்காது, நிலைக்கவும் வேண்டியதில்லை. அடுப்புக்கு முன் நிற்காமல் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன: சந்தைக்குப் போவது, காய் நறுக்குவது, பூண்டு உரிப்பது, இரவு பயறு ஊறப்போடுவது, மாவரைப்பது, பாத்திரம் கழுவுவது. இவற்றை வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் நிரந்தரமாகத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்ட வீடுகளில்தான் வாரம் இரண்டு கீரை என்ற ஏற்பாடு ஆண்டு முழுவதும் நடக்கிறது.

பரிமாறும் வரிசையும் அளவோடு சம்பந்தப்பட்டது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சமைத்தவர் உட்காரும்போது சோறு இருக்கும், ரசம் இருக்கும். மீன் துண்டும் முட்டையும் பொரியலும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமில்லாமல் அவரே சாப்பிடுவார். மாவுச்சத்து கூடுவதும் இரும்பும் புரதமும் குறைவதும் இப்படித்தான் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன, 29 மி.கிராம் இரும்பு தேவைப்படுபவரும் பெரும்பாலும் அவரே. காய்கறியையும் பருப்பையும் அளக்கும்போது அவரையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் தட்டுக்குப் பரிமாறும் முன்பே அவர் பங்குப் பொரியலையும் முட்டையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவைக்க வேண்டும். சேர்ந்து உட்கார முடிந்த வேளைகளில் அந்தக் கிண்ணமும் தேவைப்படாது.